தரங்கம்பாடி வீட்டுச் சாவி

தரங்கம்பாடியில் அவர்கள் நான்கு நாள் தங்க எடுத்த பழைய வீட்டுக்கு ஒரு சாண் நீளத்தில் இரும்புச் சாவி. “ஒண்ணுதான் இருக்காம்” என்று வந்த அன்றே தமயந்தி கணவன் இளவழகனிடம் சொல்லிவிட்டாள்.

சென்னையில் ஆளுக்கொரு சாவி. யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை வாசலில் கிடக்கும் செருப்புதான் சொல்லும். இங்கே அது நடக்கவில்லை. அவள் அலையில் கால் நனைத்துத் திரும்பும்வரை இளவழகன் கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தான். அவன் மீன் வாங்கி வரும்வரை அவள் வாசற்படியில் காத்திருந்தாள். பேச்சும் வந்தது, முதலில் மீனைப் பற்றி, பிறகு மற்றதைப் பற்றி.

கிளம்பும் காலையில் இளவழகன் சாவியைக் கொடுத்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆரோன், “இன்னொண்ணு சார்?” என்றார்.

“ஒண்ணுதானே குடுத்தீங்க?”

“அம்மா கையில ரெண்டு குடுத்தேனே.”

தமயந்தி கடலைப் பார்த்தபடியே கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்து நீட்டினாள்.

பேருந்தில் வெகுநேரம் கழித்துக் கேட்டாள்: “நம்ம வீட்டுச் சாவி வச்சிருக்கீங்கல்ல?”

சட்டைப் பையில் இருந்ததை விரலால் அழுத்திக்கொண்டு, “எடுத்துட்டு வரலையே” என்றான். “உன்னோடத வச்சுத்தான் திறக்கணும்.”