கையில் இல்லாத சாவி

மகன் அருளப்பன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனபோது, இருந்த ஒரே கார் சாவியும் அவன் சட்டைப் பையிலேயே போய்விட்டது. வாசலில் நின்ற பழைய காரின் டயர்கள் காற்றிறங்கி மண்ணில் அமர்ந்துவிட்டன. கடைசியில் விற்றுவிடலாம் என்று சகாயமேரி சாவி செய்யும் யூசுப்பை வரவழைத்தாள். அவன் கம்பியால் கதவைத் திறந்தான். கொண்டுவந்த பேட்டரியை மாட்டி, தன் கருவியைக் காரோடு இணைத்தான்.

“சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கும்மா. அதை அடையாளம் கண்டாத்தான் வண்டி ஓடும். புதுசைப் பதிஞ்சா, கையில இல்லாத பழசை வண்டி மறந்துரும்.”

“மறந்துரும்னா?”

“அது யார்கிட்ட இருந்தாலும் இனிமே ஸ்டார்ட் ஆகாது. நீங்க பயமில்லாம விக்கலாம்.”

பொத்தானை அழுத்தப்போனவனின் கையைச் சகாயமேரி பிடித்துக்கொண்டாள்.

“சிப் இல்லாம வெறும் சாவி வெட்டித் தருவியா தம்பி?”

“தரலாம். ஆனா கதவு மட்டுந்தான் திறக்கும். வண்டி ஓடாதும்மா.”

“அது போதும்.”

யூசுப் சாவியை வெட்டிக் கொடுத்தான். அவள் இடப்பக்கக் கதவைப் பூட்டித் திறந்து பார்த்தாள். பிறகு உள்ளே ஏறி, ஓட்டுபவரின் காலி இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.