தவணை ஃப்ரிட்ஜ்

மகளின் இன்சுலினுக்காகத்தான் ரெஜினா தவணையில் ஃப்ரிட்ஜ் வாங்கினாள். தெருவுக்கே அது ஒன்றுதான் என்பதால் அடுத்த வாரமே எல்லார் வீட்டு மாவும் மீனும் மல்லிகைப்பூவும் அதற்குள் குடியேறிவிட்டன. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. கடன் கொடுக்க வந்தவர்களிடமும் அப்படித்தான். தவணை கட்ட ஒரு கடன், அந்தக் கடனைக் கட்ட மகளிர் குழுவில் இன்னொன்று. இன்று தவணை பாக்கிக்காகக் கம்பெனி ஆட்கள் வேனோடு வந்து பிளக்கைப் பிடுங்கியதும் தெருவே ஓடி வந்தது. தடுக்கத்தான் வருகிறார்கள் என்று ஒரு நிமிடம் நம்பிவிட்டாள், பாவம்.

"அண்ணே, பாத்து! என் மாவுச் சட்டி!"

"ஏய், அந்த மீனு என்னுதுடி!"

அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டதும் உள்ளே மிஞ்சியது மருந்துப் பெட்டி. "தவணை கட்ட வக்கில்லாதவளுக்கு இந்த ஆசை எதுக்கு?" என்று மாவுச் சட்டிக்காரி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

ரெஜினா பெட்டியைக் கையில் எடுத்தாள். கொளுத்துகிற வெயிலைப் பார்த்தாள். மறுபடி உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, குடோன்ல இதுக்குக் கரண்டு குடுப்பீங்கல்ல? பிள்ளைக்கு ஊசி போடுற நேரத்துக்கு நானே அங்க வந்து எடுத்துக்கிறேன்."

கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு டிரைவரைப் பார்த்தான்.