மருமகளுக்கு ஏசி

"பழைய கேஸ் இப்ப கெடைக்காதுங்கம்மா. புது கேஸுக்கு மாத்தோணும்னா ஓஸு, ஆயில் எல்லாமே மாத்தோணும்" என்றார் ஏசி மெக்கானிக் பயாஸ்.

எங்களுடையது முப்பது வருடத்துக் கார்.

"எல்லாத்தையும் மாத்துங்க தம்பி. வெள்ளிக்கெழமைக்குள்ள வேணும். என்ற மருமக இந்த ஆவணி வெயிலக்கூடத் தாங்க மாட்டாளுங்க" என்றார் அம்மா.

பயாஸ் சிரித்தார். "சித்திரையில அக்கா நெறமாசமா வந்து இதத்தானுங்க கேட்டாங்க. நீங்கதான் கண்ணாடிய எறக்குனா காத்து வருமுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனீங்க. இப்பவாவது மனசு வந்துச்சே!"

அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். "புழுக்கமாட்ட இருக்குது. சீக்கிரம் வேலையப் பாருங்க."

நான் காரை விட்டுத் தள்ளிப்போய் நின்றேன். ஆயில் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்த பயாஸ், தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"அக்காவுக்கு என்ன கொழந்தைங்கண்ணா?"

"பிரசவத்துல ரெண்டு பேருமே போயிட்டாங்க பயாஸ். மூணு மாசமாச்சு. வெள்ளிக்கிழமை எனக்கு மறுபடியும் கல்யாணம்."

பயாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏந் தம்பி நிறுத்திப்போட்டீங்க?" என்றார் அம்மா. "வரப்போறவ பொறந்ததுலருந்து ஏசியிலயே வளந்தவளுங்க."