அடுக்கில் கடைசி யானை

கிள்ளான் பேரங்காடியின் பொம்மைக் கடையில், ஹைதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மனைவி இஷ்ரத்தின் தங்க வளையல்களை விற்று, இந்தப் பொம்மைக் கம்பெனியின் பங்குகளை வாங்கிப் போட்டவர். சரக்கு நகர்கிறதா என்று வாரந்தோறும் வந்து பார்ப்பார்; பார்ப்பதோடு விடாமல், ஒவ்வொரு யானைப் பொம்மையின் வயிற்றையும் அமுக்கிப் பிளிற வைத்துத் தரமும் சோதிப்பார். பெரிய முதலாளி அல்லவா! இன்று அடுக்கில் ஒரே ஒரு நீல யானைதான் மிச்சம். வெள்ளை விளக்கொளியில் அதன் துதிக்கை பளபளக்கிறது. காலில் சிவப்புச் சப்பாத்து போட்ட சிறுமி ஒருத்தி அதை எடுத்து வயிற்றை அமுக்குகிறாள். சத்தமில்லை. மறுபடியும் அமுக்குகிறாள், ம்ஹும்.

“பேட்டரி காலி. அமுக்கி அமுக்கியே நீங்கதான் தீர்த்தீங்க,” என்று பக்கத்தில் நிற்கும் இஷ்ரத் அவர் காதில் முணுமுணுக்கிறாள்.

“சும்மா இரு லா, புள்ள கீழ வெச்சிடப் போவுது.”

சிறுமி யானையை உற்றுப் பார்க்கிறாள். பிறகு கன்னம் உப்ப, கடையே திரும்பிப் பார்க்கும்படி அதற்காகத் தானே பிளிறுகிறாள். “பா, இதுதான் வேணும்!” அப்பாவின் கையை இழுத்துக்கொண்டு கல்லாப் பக்கம் ஓடுகிறாள். காலியான அடுக்கை ஹைதர் கண் நிறையப் பார்க்கிறார். இஷ்ரத் வளையலில்லாத கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி ஆட்டுகிறாள்; அது கிலுகிலுவென்று ஒலிப்பதாகவே அவருக்குக் கேட்கிறது.