ஆமைக்கு ஆகாத செடி

"முதல்ல நீ மென்னு காட்டு. அப்புறம் ஆமைக்குப் போடலாம்" என்றாள் பத்மாசினி.

அவள் வீட்டுத் தோட்டத்தில் களை பறிக்க வந்த மாயக்காளுக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் வளர்க்கிற ஆமைக்கு இருக்கிற மரியாதைகூடத் தனக்கில்லை.

மூக்குத்திப்பூண்டை மென்றாள். "இதைப் போடலாம்மா."

தரையில் படர்ந்திருந்த சிவப்புத்தண்டுச் செடியை வாயில் வைத்ததுமே துப்பினாள். "தூ! நாக்கு எரியுது. ஆமை செத்துரும்மா."

"சனியன்! ஒண்ணு விடாமப் பிடுங்கி, நீயே எங்கயாவது கொண்டுபோய்க் கொட்டிரு."

மாயக்காள் சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு சமயநல்லூர் பஸ் ஏறினாள்.

மறுநாள் பத்மாசினி, இயற்கை அங்காடியில் வாங்கிய கீரைக்கட்டை ஆட்டிக் காட்டினாள்.

"மூக்கிரட்டைக் கீரை. மூட்டுவலிக்கு அம்புட்டு நல்லது. நீயெல்லாம் கண்ணால பார்த்திருக்க மாட்ட."

கீரைக்கட்டின் வாழைநார் முடிச்சைப் பார்த்தாள் மாயக்காள். நேற்றுச் சாயங்காலம் சாக்கைப் பிரித்து அவளே போட்ட முடிச்சு.

"நல்லாச் சாப்பிடுங்கம்மா. ஆமைக்கு மட்டும் குடுத்துராதீங்க."