கடைசிக் கோடு

"நான் தீட்டுற கத்தியைக் கண்டாலே தக்காளி தானா ரெண்டாப் பொளந்துக்கும்" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் மாசிலாமணி.

"முதல்ல உங்க தீட்டுக்கல்லைப் பாருங்க, நடுவுல தவளை குளிக்கிற அளவுக்குக் குழி" என்றாள் மனைவி குணவதி. பக்கவாதத்துக்குப் பின் அவளுடைய வலக்கையால் கத்தியை அழுத்த முடியவில்லை. எட்டு மாதமாக இருவருக்கும் அவர் சமையல்தான் கதி.

அவர் கல்லின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கிரானைட் பலகையில் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தார். குழிக்குள் இருந்த கோடுகள் அழிய மூன்று நாளாயின. அதற்குள் தொப்பையே பாதி கரைந்துவிட்டது. கடைசிக் கோடும் போய்க் கல் சமமானதும் அதற்கு ஒரு கும்பிடு போட்டு, கத்தியைத் தீட்டி அவள் வலக்கையில் கொடுத்தார்.

தக்காளி இரண்டாகச் சரிந்தது. குணவதி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அழுத்தவே இல்லைங்க, சும்மாதான் வச்சேன். அதுவாத்தான் பொளந்துச்சு."