ரெடி அண்ணன்

“ஜெபமெல்லாம் அப்புறம் இருக்கட்டும் ஐயா. முதல்ல நான் சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க!”

போனில் வந்த பெண் குரல் எடுத்த எடுப்பிலேயே சீறியது. ரெடி அண்ணன் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

ஆலயத்தின் ஜெப உதவி எண்ணுக்கு யார் கூப்பிட்டாலும் எடுப்பது அவர்தான். போதகர் எந்த வேலையைச் சொன்னாலும், அவர் சொல்லி முடிப்பதற்குள் “ரெடி ஐயா” என்று எழுந்து நிற்பார். அதில் ஒட்டிக்கொண்ட பெயர். நாற்காலி அடுக்க ஆள் வேண்டுமா? ரெடி. கழிவறை கழுவவா? அதற்கும் ரெடி. பாடகர் குழுவில் ஆள் குறைகிறதா? உடனே ரெடி, சுருதி மட்டும்தான் என்றைக்கும் ரெடியாக இருந்ததில்லை. ஆபீஸ் விட்டால் நேரே இங்கே, விடுமுறை என்றால் விடிந்ததும் இங்கே. போன் பக்கத்து நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். கர்த்தருக்கென்று உட்கார்ந்தால் முழு மனசோடு உட்கார வேண்டும் என்று சொந்த போனை வாசலிலேயே அணைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

“சொல்லுங்கம்மா, கேட்கிறேன்.”

“நான் ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேன். எலும்பு வார்டு நர்ஸ். இங்க ஒரு பெரியவர் இடுப்பெலும்பு முறிஞ்சு கிடக்கார். நேத்து ராத்திரி குளியலறையில வழுக்கி விழுந்திருக்கார். தூக்க ஆளில்லாம விடியற வரைக்கும் ஈரத்துலேயே கிடந்திருக்கார். தண்ணி கேன் போடுறவர் பார்த்துத் தூக்கிட்டு வந்தார்.”

“ஐயோ, ஆண்டவரே! வீட்டுல வேற யாருமே இல்லையா?”

“தனியாத்தான் இருக்கார். ஒரே பையன். இதே ஊர்லதான் இருக்கார் துரை. காலையிலேருந்து பெரியவர் போன்லேருந்து அடிச்சு அடிச்சு என் விரல் தேஞ்சு போச்சு. எடுத்தாத்தானே!”

ரெடி அண்ணனுக்குச் சுள்ளென்று ஏறியது. இப்படிப்பட்ட பிள்ளைகளை நினைத்தாலே அவருக்கு ஆகாது.

“பெத்த அப்பன் கூப்பிட்டா எடுக்க முடியாத அளவுக்கு அப்படி என்னம்மா வெட்டி முறிக்கிற வேலை அவனுக்கு?”

“அதையேதான் நானும் கேட்டேன். பெரியவர் என்னடான்னா, ‘அவனைத் திட்டாதம்மா, அவனுக்குத் தலைக்கு மேல வேலை, தங்கமான பிள்ளை’ன்னு எனக்கே சமாதானம் சொல்றார். வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பிள்ளை பெருமை வேற! எனக்கு வயிறு எரியுது ஐயா.”

“தங்கமாம், தங்கம்! தலையில ரெண்டு போட்டாத்தான் இவனுங்களுக்கெல்லாம் புத்தி வரும்.”

அடுத்த அறையில் நடந்துகொண்டிருந்த பாட்டுப் பயிற்சி சட்டென்று நின்றது. ஆர்மோனியக்கார அக்கா கதவிடுக்கில் தலையை நீட்டி, மெதுவா என்று ஜாடை காட்டினார். அண்ணன் கண்டுகொள்ளவே இல்லை.

“இப்ப டாக்டர் என்னம்மா சொல்றார்?”

“இன்னிக்கே ஆபரேஷன் பண்ணியாகணும்கிறார். வயசான உடம்பு. தள்ளிப் போட்டா நெஞ்சுல சளி கட்டிக்கும், அப்புறம் ஆள் தேறுறது கஷ்டம். இவர் ஒரே அடம். பையன் முகத்தைப் பார்க்காம தியேட்டருக்குள்ள போகமாட்டாராம். கட்டில் கம்பியைப் பிடிச்ச பிடி விடமாட்டேங்கிறார்.”

“அந்தப் பையன் விசுவாசிதானா?”

“அடேயப்பா, பெரிய விசுவாசியாம்.”

“அப்ப இன்னும் கேவலம்!” ரெடி அண்ணன் மேஜையில் ஓங்கித் தட்டியதில் தண்ணீர் டம்ளர் உருண்டது. “தாய் தகப்பனைக் கவனிக்கணும்னு கட்டளையே இருக்கு. அதுக்குக் கீழ்ப்படியாதவன் கோயிலுக்கு வந்து முழங்கால் போட்டா என்ன, போடாட்டி என்ன? கண்ணை மூடிக்கிட்டு அல்லேலூயா சொல்லிட்டாப் போதுமா? போன வாரம் வாலிபர் கூட்டத்துல இதைத்தான் தொண்டை கிழியப் பேசினேன்.”

“பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு ஐயா. எனக்கு இப்ப ஆள் வேணும்.”

“வர்றேம்மா! அவன் எந்தச் சபைன்னு மட்டும் சொல்லுங்க. நாலு பேர் முன்னாடி நிக்க வச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கிறேன். வரமாட்டேன்னு சொன்னான்னா, சட்டையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்து அந்தப் பெரியவர் கால்ல தள்ளுறேன். எனக்கென்ன பயம்?”

அது ஊருக்குக் காட்டுகிற கோபம் இல்லை. முகம் தெரியாத அந்தக் கிழவர் ஈரத் தரையில் கிடந்ததை நினைக்க நினைக்க அவருக்கு மனசு ஆறவே இல்லை.

“நிஜமாவே வருவீங்களா?” நர்ஸின் குரல் முதல் தடவையாக இறங்கியது.

“ரெடிம்மா. இதோ கிளம்பிட்டேன். போற வழியிலேயே அவனைப் பிடிக்கிறேன். அவன் நம்பரைச் சொல்லுங்க.”



“அந்த நம்பருக்குத்தான் ஐயா பேசிக்கிட்டிருக்கேன். ‘என் போன்னு தெரிஞ்சா எடுக்கமாட்டான்மா, ஜெபத்துக்கு வச்சிருக்கிற நம்பருக்கு அடி, யாரோ எவரோன்னு நினைச்சு உடனே எடுப்பான்’னு உங்கப்பாதான் சொன்னார்.”